பல வருஷ மரம் வறட்சியில ஏன் நுனி காயுது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுல 15, 20 வருஷமா நிக்கிற மா, தென்னை, பலா, வேம்பு எல்லாம் மழை பொய்க்கிற வருஷத்துல மேல இருந்து காய ஆரம்பிச்சா எல்லாரும் கேக்கறது ஏறக்குறைய இதே கேள்விங்கதான். தமிழ்நாட்டு மண்ணு, நம்ம மழை மாசம், நம்ம வீட்டு மரங்க, இதை வச்சுதான் பதில் எழுதியிருக்கேன். அவசரமா இருக்கறவங்க தண்ணி பத்தின கேள்விகளை முதல்ல படிச்சுட்டு இன்னிக்கே ஊத்த ஆரம்பிங்க, மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

இத்தனை வருஷமா தண்ணியே ஊத்தல, நல்லாதானே இருந்துச்சு. இப்ப மட்டும் ஏன் காயுது?

நீங்க ஊத்தலையே தவிர மரம் தண்ணி குடிச்சுட்டுதான் இருந்துச்சு. ஐப்பசி கார்த்திகையில பெய்ற மழை மண்ணுக்குள்ள நல்லா இறங்கி நின்னுடும், அந்த ஈரத்தை வச்சுதான் மரம் சித்திரை வைகாசியை தாண்டும். அதோட பழைய வீடுகள்ல துணி துவைக்கிற கல்லு, பாத்திரம் கழுவுற இடம், குளியலறை தண்ணி எல்லாம் கொல்லைப்பக்கம்தான் போகும், தென்னையும் வாழையும் மாமரமும் அதைத்தான் வருஷம் பூரா குடிச்சுது. இப்ப அந்த தண்ணி எல்லாம் பாதாள சாக்கடைக்கு போகுது, முற்றத்துல பேவர் கல்லு போட்டாச்சு, தெருவுல ஆளாளுக்கு போர் போட்டு நிலத்தடி நீர் கீழ கீழ போயிடுச்சு. யாரும் மரத்துக்கு எதுவும் கெடுதல் செய்யணும்னு செய்யல, ஆனா மரத்துக்கு தெரியாமலே அதோட தண்ணி வழி ஒவ்வொண்ணா அடைபட்டு போச்சு. இந்த நிலைமையில ஒரு பருவமழை தவறினா போதும்.

2016 வடகிழக்கு பருவமழை ஞாபகம் இருக்கும். வழக்கமா தமிழ்நாட்டுக்கு 440 மில்லிமீட்டர் கிடைக்கணும், அந்த வருஷம் கிடைச்சது சுமார் 168தான், 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில மாநிலம் முழுக்க வறட்சி பாதிச்ச பகுதின்னு அரசு அறிவிச்சுது. அந்த கோடையில கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் காய்ப்பு பிடிச்ச தென்னைங்க தோப்பு தோப்பா மொட்டையா நின்னுச்சு. அதெல்லாம் கன்னு இல்ல, பல வருஷம் வறட்சி பார்த்த மரங்க.

பெரிய மரம்னா வேர் ஆழமா போயிருக்கும்ல, அது தண்ணியை தேடி எடுத்துக்காதா?

இந்த நம்பிக்கைதான் நிறைய மரங்களை சாகடிக்குதுன்னு நான் நினைக்கிறேன். தடிமனா தெரியற வேர் மரத்தை நிறுத்தி வைக்கறதுக்கும், தண்ணியை கடத்தறதுக்கும், சத்தை சேர்த்து வைக்கறதுக்கும்தான் முக்கியமா பயன்படுது. மண்ணுல இருந்து தண்ணியை உறிஞ்சறதுல பெரும்பங்கு நூல் மாதிரி இருக்கற சின்ன வேருங்களோடது. அதுல பெரும்பாலானது மேல் மண்ணுல ஒன்னு ஒன்றரை அடிக்குள்ளயேதான் இருக்கும், ஏன்னா காத்தும் மக்கும் அங்கதான் இருக்கு. பக்கவாட்டுல பார்த்தா கிளை விரிஞ்சிருக்கற அகலத்தையும் தாண்டி ரொம்ப தூரம் போயிருக்கும்.

மண்ணு காயறப்ப முதல்ல காயறதே அந்த மேல் ஒன்றரை அடிதான். நூல் வேருங்க அங்கேயே செத்துப் போகுது. கரிசல் மண்ணுன்னா இன்னும் மோசம், கோடையில பாளம் பாளமா வெடிக்கறப்ப அந்த வெடிப்பே வேரை இழுத்து அறுத்துடும். ஆழத்துக்கு போன ஒன்னு ரெண்டு வேர் இருந்தா மரம் கொஞ்ச காலம் சமாளிக்கும், நிலத்தடி ஈரம் அதுக்கும் கீழ இறங்கிட்டா அதுவும் இல்ல. இதுல பாலித்தீன் பையில ரொம்ப நாள் இருந்து வேர் சுத்திக்கிட்ட கன்னை வாங்கி நட்டிருந்தா ஆணிவேர் சரியா கீழ இறங்கியே இருக்காது, வெளிய பார்க்க பெரிய மரமா இருந்தாலும் உள்ள அஸ்திவாரம் சின்னதுதான்.

ஏன் எப்பவும் உச்சியில இருந்தும் நுனியில இருந்தும் காயுது? அடியில இருந்து காயக்கூடாதா?

மரத்துக்கு பம்பு கிடையாது. இலையில இருந்து தண்ணி ஆவியா போறப்ப அது பின்னாடி இருக்கற தண்ணியை இழுக்குது, அந்த இழுவை கிளை, தண்டு வழியா வேர் வரைக்கும் ஒரே சரமா போகும். மண்ணுல ஈரம் குறைய குறைய இழுவை அதிகமாகுது, ஒரு அளவுக்கு மேல போனா மரத்துக்குள்ள இருக்கற நுண்குழாய்ல காத்து புகுந்துடும். ஸ்ட்ரா போட்டு இளநீ குடிக்கறப்ப ஸ்ட்ராவுல ஒரு கீறல் இருந்தா எவ்வளவு உறிஞ்சினாலும் காத்துதானே வரும், அதேதான். காத்து அடைச்ச குழாய் தண்ணியை மேல ஏத்தாது. ஒன்னு ரெண்டு குழாய் போனா பக்கத்து குழாய் சமாளிக்கும், நிறைய போயிட்டா அந்த கிளைக்கு தண்ணி நின்னுச்சு, முடிஞ்சுது.

வேர்ல இருந்து ரொம்ப தூரத்துல, ரொம்ப உயரத்துல, நேர் வெயில்லயும் அனல் காத்துலயும் இருக்கறது உச்சிக்கிளைங்கதான், அதனால இழுவை அங்கதான் உச்சத்துல இருக்கும், முதல்ல அறுபடறதும் அங்கதான். இன்னொரு பக்கம் பார்த்தா இது மரத்துக்கு ஒரு தப்பிக்கற வழியும் கூட. இருக்கற கொஞ்ச வேரால எவ்வளவு இலைக்கு தண்ணி குடுக்க முடியுமோ அவ்வளவு இலையோட நின்னுக்குது, மேல கொஞ்சம் விட்டுக்குடுத்து கீழ உயிரை வச்சுக்குது. அதனால உச்சி காய்ஞ்சதும் மரம் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க.

தண்ணி இல்லாம சாகுதா, பட்டினியால சாகுதா?

ரெண்டும் நடக்கும். தண்ணி போயிடக்கூடாதுன்னு மரம் இலைத்துளைங்களை மூடிக்கும். மூடினா காத்துல இருந்து கரியமில வாயு உள்ள வராது, சாப்பாடு தயாரிக்க முடியாது. ஆனா உயிரோட இருக்கற ஒவ்வொரு பாகமும் மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கும், வெயில் ஏற ஏற அந்த செலவும் ஏறும், ராத்திரி கூட சூடு குறையாத கத்திரி நாள்ல ராத்திரி பூரா செலவுதான். வேர்லயும் தண்டுலயும் சேர்த்து வச்ச மாவுச்சத்தை எடுத்து மாசக்கணக்குல ஓட்டும். அது தீர்ந்து போறப்ப செத்த நூல் வேருக்கு பதிலா புது வேர் விடவும் சத்து இருக்காது, பூச்சியை எதிர்த்து பிசின் விடவும் சத்து இருக்காது. அடுத்த கேள்விக்கு பதிலே இதுலதான் இருக்கு.

மழை நல்லா பெஞ்சாச்சு. அப்புறமும் ஏன் சாகுது? இது என்ன நியாயம்?

நிறைய பேரை ரொம்ப வருத்தப்பட வைக்கறது இதுதான். கோடை பூரா தாங்கி நின்னுச்சு, மழையும் வந்துடுச்சு, துளிர் கூட விட்டுச்சு, ஆறு மாசம் கழிச்சு பட்டுப்போச்சு. வறட்சி முடிஞ்சு ஒரு வருஷம், ரெண்டு வருஷம், சிலது மூணு வருஷம் கழிச்சு கூட சாகும். மழை வந்தப்ப தண்ணி இருந்துச்சு, அதை உறிஞ்ச வேர்தான் இல்ல. மிச்சமிருந்த கொஞ்ச மாவுச்சத்தை வச்சு மரம் ஒரு துளிர் விடும், அந்த இலை சம்பாதிச்சு குடுத்தா பொழைச்சுக்கும், அதுக்குள்ள இன்னொரு வெயிலோ பூச்சியோ வந்தா திரும்ப துளிர்க்க கையில ஒண்ணும் இருக்காது.

அதனால ஒண்ணு கேட்டுக்கறேன். வறட்சி வருஷத்துக்கு அடுத்த ரெண்டு கோடையும் அந்த மரத்துக்கு தண்ணி குடுங்க. மழை பெஞ்சிடுச்சே, இனி எதுக்குன்னு நிறுத்தறப்பதான் பாதி மரம் போகுது.

இலை கொட்டுது. காயுதுன்னு அர்த்தமா, இல்ல வழக்கமா கொட்டறதா?

மாசத்தையும் மரத்தையும் பாருங்க. வேம்பு, புங்கை, நாட்டு வாதுமை எல்லாம் மாசி பங்குனி வாக்குல இலை மாத்தறது வழக்கம், பழுத்து மஞ்சளாகி கொட்டி சில வாரத்துல புது இலை வந்துடும், வேம்பு சித்திரைக்கு பூவோட நிக்கும். முருங்கை வறட்சியில இலையை உதிர்த்துட்டு சும்மா நிக்கும், ஈரம் கிடைச்சா திரும்பிக்கும். இதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேற. இலை உதிராம கிளையிலயே காய்ஞ்சு தொங்குதா, மா மாதிரி எப்பவும் பச்சையா இருக்கற மரம் ஒரு பக்கம் மட்டும் வெளுத்து போகுதா, புது இலை வர்றது வருஷா வருஷம் சின்னதாகிட்டே போகுதா, பிஞ்சு மொத்தமா கொட்டுதா, உச்சியில குச்சி குச்சியா வானம் தெரிய ஆரம்பிச்சுதா, இதெல்லாம் வேர் போகுதுங்கறதுக்கு அடையாளம். காலையில கூட இலை வாடி சுருண்டு இருந்தா அன்னிக்கே தண்ணி ஊத்தணும். மத்தியானம் வாடி சாயங்காலம் தெளிஞ்சா இன்னும் கொஞ்சம் நாள் இருக்கு.

கிளைக்கு உயிர் இருக்கான்னு எப்படி பார்க்கறது?

நகத்தாலயோ சின்ன கத்தியாலயோ பட்டையை லேசா சுரண்டுங்க. கீழ பச்சையா ஈரமா இருந்தா உயிர் இருக்கு, பழுப்பா காய்ஞ்சு இருந்தா அந்த இடம் போச்சு. நுனியில ஆரம்பிச்சு கீழ கீழ வந்து சுரண்டிக்கிட்டே வாங்க, எங்க பச்சை தெரியுதோ அதுதான் எல்லை. நல்லா சுரண்டிட வேண்டாம், ஒரு விரல் நகம் அளவு போதும். தென்னைக்கு இந்த சோதனை ஒத்துவராது, அதுக்கு தனியா சொல்றேன்.

எங்க ஊர்ல வேப்பமரம் எல்லாம் கருகின மாதிரி ஆயிடுச்சு. வறட்சியா?

பெரும்பாலும் இல்ல. சில வருஷமா மழை முடிஞ்சு பனி காலத்துல வேம்போட இளங்கொழுந்தெல்லாம் தீய்ஞ்ச மாதிரி பழுப்பாகறதை ஆந்திரா, தெலங்கானாவுலயும் நம்ம பக்கமும் பார்க்கறோம். அது ஃபோமாப்சிஸ்னு ஒரு பூஞ்சை, கூட தேயிலை கொசுன்னு சொல்ற ஒரு சாறு உறிஞ்சற பூச்சி, ரெண்டும் சேர்ந்து செய்ற வேலை. ஈரமும் குளிரும் இருக்கறப்பதான் அது பரவும், தண்ணி ஊத்தி அது சரியாகாது. வேம்பு கெட்டி மரம், வெயில் ஏறினதும் நிறைய மரம் தானா திரும்ப துளிர்த்துடும், அவசரப்பட்டு வெட்டாதீங்க. நல்ல கோடையில, வெயில் உச்சத்துல உச்சிக்கிளை காய்ஞ்சா அப்ப வறட்சியை சந்தேகப்படுங்க.

தென்னை ஏன் இவ்வளவு சீக்கிரம் பாதிக்குது?

தென்னையோட உடம்பே வேற. ஆணிவேர் கிடையாது, அடித்தூர்ல இருந்து கயிறு கயிறா வேர் வரும், அதுல பெரும்பாலானது மரத்தை சுத்தி 2 மீட்டருக்குள்ளயே இருக்கும். மாமரம் மாதிரி பக்கக்கிளை விட்டு பொழைக்கவும் முடியாது, இருக்கறது உச்சியில ஒரே ஒரு குருத்து, அது போச்சுன்னா மரம் போச்சு. தண்டுல வருஷா வருஷம் புதுசா நீர்க்குழாய் உருவாக்கவும் தென்னையால முடியாது, ஆயுசு பூரா அதே குழாய்தான்.

முதல்ல அடி மட்டை பழுத்து மடங்கி தண்டோட ஒட்டி தொங்கும், குரும்பை கொட்டும், அப்புறம் மேல் மட்டைங்க ஒவ்வொண்ணா, கடைசியா குருத்து சாயும். குருத்து நேரா பச்சையா நிக்கிற வரைக்கும் நம்பிக்கை உண்டு. குருத்தை லேசா இழுத்தா கையோட வந்து நாத்தம் அடிச்சா அது குருத்தழுகல், இல்ல கூன்வண்டு வேலை.

காய்ப்பு பத்தி ஒரு விஷயம். ஒரு பாளை வெளிய வர்றதுக்கு ஏறக்குறைய மூணு வருஷத்துக்கு முன்னாடியே அதோட மொட்டு குருத்துக்குள்ள உருவாக ஆரம்பிச்சிடும், வெளிய வந்து காய் முத்த இன்னொரு வருஷம். அதனால ஒரு வறட்சியோட பாதிப்பு மூணு நாலு வருஷம் காய் எண்ணிக்கையில தெரியும். மழை பெஞ்ச அடுத்த வருஷமே காய் இல்லைன்னு மரத்தை வெட்டறது பாவம், அதுக்கு அவகாசம் குடுங்க.

எது தாங்கும், எது தாங்காது?

புளி, வேம்பு, சப்போட்டா, கொடுக்காப்புளி, சீத்தா நல்லா தாங்கும். மா விதைக்கன்னா வந்து ஆணிவேர் இறங்கி இருந்தா தாங்கும். கொய்யா காய்ஞ்ச மாதிரி இருந்து திரும்ப வரும். எலுமிச்சைக்கு வேர் மேலயே இருக்கு, சீக்கிரம் நுனி காயும். பலா ரொம்ப கவனிக்க வேண்டிய மரம், அதுக்கு வறட்சியும் ஆகாது, அடியில தண்ணி தேங்கறதும் ஆகாது. தண்ணி கொஞ்சமாத்தான் இருக்குன்னா பலா, தென்னை, எலுமிச்சைக்கு முதல்ல குடுங்க.

எவ்வளவு தண்ணி, எங்க ஊத்தணும்?

எங்கங்கறதுல ஆரம்பிக்கறேன், ஏன்னா அங்கதான் தண்ணி வீணாகுது. தண்டை ஒட்டி ஊத்தாதீங்க. அங்க உறிஞ்சற வேர் கம்மி, தண்டு அடி எப்பவும் நனைஞ்சு இருந்தா அழுகலும் வரும். மத்தியானம் மரத்தோட குடை, அதாவது விரிஞ்ச கிளைங்களோட நிழல் எங்க விழுதோ அதோட பாதி தூரத்துல இருந்து விளிம்பு தாண்டி ஒரு ரெண்டடி வரைக்கும், அந்த வளையத்துல பாத்தி கட்டி அதுல ஊத்துங்க. தென்னைக்கு மட்டும் கணக்கு வேற, தண்டுல இருந்து 1.8 மீட்டர் தூரம் வரைக்கும் சுத்தி வட்டப்பாத்தி போதும்.

அளவுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லிட்டர். உங்க மரத்தோட குடை 6 மீட்டர் அகலம்னா கீழ சுமார் 28 சதுர மீட்டர், 25 மில்லிமீட்டர் மழைக்கு சமமா நனைக்கணும்னா 700 லிட்டர் வேணும். இதைப் பார்த்து மலைச்சுப் போயிடாதீங்க, இது மரம் நல்லா வளர்றதுக்கான அளவு. உயிரோட நிறுத்தி வைக்க இதுல மூணுல ஒரு பங்கு, 200 லிட்டர் டிரம் ஒண்ணு, பத்து நாளைக்கு ஒரு தடவை குடுத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும், வளையத்துல ஒரு பக்கம் இந்த தடவை, எதிர்ப்பக்கம் அடுத்த தடவைன்னு மாத்தி மாத்தி ஊத்தலாம், பாதி வேர் நனைஞ்சாலும் மரம் முழுக்க பிரிச்சு குடுத்துக்கும். காய்க்கிற தென்னைக்கு சொட்டு நீர்ல கோடையில ஒரு நாளைக்கு 65 லிட்டர் வரைக்கும் சொல்றாங்க, தட்டுப்பாடு காலத்துல அதுல மூணுல ஒரு பங்கை வச்சு மரத்தை காப்பாத்தலாம்.

தினமும் ஹோஸ் பிடிச்சு அஞ்சு நிமிஷம் தெளிக்கறது பிரயோஜனம் இல்ல. ரெண்டு அங்குலம் நனைஞ்சு சாயங்காலத்துக்குள்ள காய்ஞ்சிடும், வேரும் மேலயே சுத்திக்கிட்டு இருக்கும். ஒரே நாள்ல நிறுத்தி நிதானமா ஊத்தி ஒரு அடிக்கு மேல இறங்க விடுங்க. இறங்கிச்சான்னு பார்க்க ஒரு நீளமான கம்பியை மறுநாள் குத்திப் பாருங்க, ஈரம் இருக்கற வரைக்கும் சுலபமா போகும், காய்ஞ்ச இடத்துல நின்னுடும். ரொம்ப காய்ஞ்ச மண்ணு தண்ணியை உள்ள விடாம ஓட விடும், அப்படின்னா முதல்ல ஒரு குடம் ஊத்தி அரை மணி நேரம் விட்டு மறுபடி ஊத்துங்க.

எப்ப ஆரம்பிக்கணும்?

இலை வாடறப்ப ஆரம்பிச்சா தாமதம். கார்த்திகை முடியறப்ப மழை கணக்கை பாருங்க, உங்க ஊருக்கு வழக்கமா வர்றதுல பாதி கூட வரலைன்னா தை மாசமே ஊத்த ஆரம்பிங்க. அப்ப மண்ணு இன்னும் முழுசா காயல, நூல் வேருங்க உயிரோட இருக்கு, ஊத்தற ஒவ்வொரு குடமும் மரத்துக்கு போய் சேரும், கிணத்துலயும் போர்லயும் கூட தண்ணி இருக்கும். சித்திரையில வேர் செத்த பிறகு டேங்கர் டேங்கரா ஊத்தினாலும் குடிக்க ஆள் இல்ல. தையில 200 லிட்டர் செய்ற வேலையை சித்திரையில 1000 லிட்டர் செய்யாது, இதை நான் ரொம்ப உறுதியா சொல்வேன்.

மாமரம் பூ எடுக்கணும்னு பூக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் தண்ணி நிறுத்துவாங்க. மழை நல்லா பெஞ்ச வருஷத்துல அது சரி, மழை தவறின வருஷத்துல அந்த கணக்கை விடுங்க, ஒரு வருஷம் மாங்காய் கம்மியானா பரவால்ல.

எங்களுக்கே தண்ணி இல்ல, மரத்துக்கு எங்க போறது?

2019 ஜூன்ல சென்னைக்கு அதுதான் நிலைமை, பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் ஏறக்குறைய வறண்டு கிடந்துச்சு, குடிக்கவே லாரிக்கு குடத்தோட வரிசையில நின்னாங்க. அந்த நேரத்துல மரத்துக்கு நல்ல தண்ணி ஊத்துங்கன்னு சொல்ல மனசு வராது, சொல்லவும் கூடாது. ஆனா ஒரு வீட்டுல குளிச்ச தண்ணி, அரிசி காய்கறி கழுவின தண்ணி, கை கழுவற தண்ணி எல்லாம் சேர்த்தா தினமும் நூறு லிட்டருக்கு மேல சாக்கடைக்கு போகுது. குளியலறை பைப்பை ஒரு டிரம்முக்கோ நேரா பாத்திக்கோ திருப்பி விட்டா ஒன்னு ரெண்டு மரம் கோடையை தாண்டிடும். சேர்த்து வச்சு ரெண்டு மூணு நாள் ஆனா நாறும், அன்னன்னிக்கே ஊத்திடுங்க, ஒரே இடத்துல ஊத்தாம மாத்தி மாத்தி ஊத்துங்க.

வாஷிங் மெஷின் தண்ணி, ஆர்ஓ கழிவு தண்ணி ஊத்தலாமா?

வாஷிங் மெஷின்ல கடைசியா அலசற தண்ணி பரவால்ல, முதல்ல வர்ற நுரை தண்ணி வேண்டாம். சோப்புத்தூள்ல சோடியம் அதிகம், மண்ணு இறுகிப் போய் தண்ணி இறங்காது. ஆர்ஓ கழிவுல உப்பு ஏற்கனவே இருக்கறதை விட செறிவா இருக்கும், வேற தண்ணியோட கலந்து எப்பவாவது ஊத்தலாம், தினமும் அதையே ஊத்தினா வறட்சி செய்யாததை அந்த உப்பு செஞ்சிடும்.

இதே விஷயம் உப்பு போர் தண்ணிக்கும். கோடையில போர் இறங்க இறங்க, அதுவும் கடலோரத்துல, தண்ணி உப்பாகும். இலை விளிம்பும் நுனியும் மட்டும் தீய்ஞ்சு நடுவுல பச்சையா இருந்தா உப்பை சந்தேகப்படுங்க. மண்ணுல உப்பு ஏறினா ஈரம் இருந்தும் வேரால தண்ணியை இழுக்க முடியாது. அந்த மாதிரி தண்ணிதான் இருக்குன்னா கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி ஊத்தாம நிறைய ஊத்தி இடைவெளி விடுங்க, முதல் மழையில பாத்தியை திறந்தே வச்சு உப்பு அலசிப் போக விடுங்க.

மூடாக்கு (மண்ணு மேல இலை, சோகை பரப்பி மூடறது) உண்மையிலேயே உதவுமா?

தண்ணிக்கு அடுத்தது இதுதான், செலவும் இல்ல. கொட்டின இலையை கூட்டி எரிக்கறதை முதல்ல நிறுத்துங்க, அது மரம் தனக்குத்தானே போட்டுக்கற போர்வை. காய்ஞ்ச இலை, தென்னை மட்டை, கரும்பு சோகை, வைக்கோல், எது கிடைக்குதோ அதை நாலு அங்குலம் தடிமனா வளையம் பூரா பரப்புங்க, தண்டை சுத்தி மட்டும் அரை அடி விட்டுடுங்க. தென்னைக்கு பாத்தியில 100 தேங்காய் மட்டை, குழிஞ்ச பக்கம் கீழயும் மேடான பக்கம் மேலயும் இருக்கற மாதிரி அடுக்கறது வேளாண் பல்கலைக்கழகமே சொல்ற முறை, இல்லைன்னா தென்னை நார்க்கழிவு நாலு அங்குலம் தடிமனுக்கு. மண்ணை நல்லா நனைச்சுட்டு அப்புறம் மூடுங்க, காய்ஞ்ச மண்ணு மேல போட்டா லேசா பெய்ற மழையை மூடாக்கே குடிச்சிடும். கரையான் பயம் இருந்தா தண்டு பக்கம் வராம பார்த்துக்கிட்டா போதும்.

மரத்தடியில புல்தரை போட்டிருந்தா அது மரத்தோட நூல் வேர் இருக்கற அதே மண்ணுல போட்டி போடுது. வறட்சி வருஷத்துல புல்லை விட்டுடுங்க, புல்லு மூணு மாசத்துல திரும்ப வளர்த்துக்கலாம்.

சுத்தி சிமெண்ட் போட்டாச்சு, இப்ப என்ன பண்றது?

முடிஞ்ச அளவு உடைங்க. தண்டை சுத்தி ஒரு அடி சதுரம் விட்டுட்டு மிச்சம் பூரா கான்கிரீட் போட்ட வீடுங்களை பார்த்தா எனக்கு நெஞ்சு பதறும், அந்த மரம் ஒவ்வொரு மழையையும் வெளிய ஓடவிட்டுட்டு நிக்குது. முழுசா உடைக்க முடியலைன்னா குடை விளிம்பு பக்கம் நாலு இடத்துல பேவர் கல்லை எடுத்து, வேரை வெட்டாம கையால ரெண்டடி குழி தோண்டி ஜல்லியும் மக்கின இலையும் போட்டு அதுல தண்ணி விடுங்க. மொட்டைமாடி தண்ணியையும் அந்த பக்கம் திருப்புங்க. 2003ல இருந்து தமிழ்நாட்டுல எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், 100 சதுர மீட்டர் மாடியில 10 மில்லிமீட்டர் மழை பெஞ்சாலே கிட்டத்தட்ட 1000 லிட்டர், அந்த குழாயோட வழிஞ்சு போற தண்ணி மரத்துக்கு போகட்டும்.

யூரியா போட்டா துளிர்க்குமா?

போடாதீங்க. காய்ஞ்ச மண்ணுல உரம்னா உப்பு, இருக்கற வேரையும் கருக்கும். துளிர்த்தாலும் அந்த புது இலைக்கு குடுக்க தண்ணி இல்ல. மழை வந்து மரம் தானா துளிர்த்து இலை முத்தின பிறகு மக்கின தொழு உரம் குடுங்க.

காய்ஞ்ச கிளையை எப்ப வெட்டணும்?

செத்துப்போன கிளையை எப்ப வேணா எடுக்கலாம், அதுவும் வழியில, கூரை மேல இருந்தா உடனே எடுங்க, காய்ஞ்ச கிளை சொல்லாம விழும். உயிர் இருக்கான்னு சந்தேகமா இருக்கற கிளையை மழை வந்து ரெண்டு மாசம் வரைக்கும் விட்டு வைங்க, பல கிளை திரும்பும். இலையை குறைச்சா தண்ணி மிச்சமாகும்னு பச்சைக்கிளையை வெட்டி மொட்டை அடிக்கறது வேண்டவே வேண்டாம். மரம் சம்பாதிக்கற இடமே இலைதான், அதோட நிழல்லயே இருந்த தண்டு திடீர்னு நேர் வெயில்ல வந்து பட்டை வெந்து வெடிக்கும். அப்படி வெயில்ல மாட்டிக்கிட்ட தண்டுக்கு சுண்ணாம்பு அடிச்சு விடலாம்.

வெட்டறப்ப பச்சை தெரியற இடத்துக்கு கொஞ்சம் கீழ, பக்கக்கிளை கிட்ட, சுத்தமா வெட்டி, பூஞ்சை வராம இருக்க போர்டோ பசை பூசுங்க. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, 10 லிட்டர் தண்ணி. ரெண்டையும் பாதி பாதி தண்ணியில தனித்தனியா பிளாஸ்டிக் பாத்திரத்துல கரைச்சு அப்புறம் கலக்கணும், இரும்பு பாத்திரம் கூடாது. ஒரு மரத்துக்கு இதுல பத்துல ஒரு பங்கு போதும்.

பிசின் வடியுது, தண்டுல ஓட்டை இருக்கு. பூச்சிதானே காரணம்?

பூச்சி வந்தது நிஜம், ஆனா யாருக்கு வந்துச்சுன்னு பாருங்க. மாமரத்துல தண்டு துளைப்பான், தென்னையில சிவப்பு கூன்வண்டு, நுனி கருகல் கொண்டு வர்ற லாசியோடிப்ளோடியா பூஞ்சை, இதெல்லாம் எப்பவும் தோட்டத்துல சுத்திக்கிட்டு இருக்கறதுதான், காயம் பட்ட மரத்துலயும் தளர்ந்து போன மரத்துலயும்தான் சுலபமா புகுந்துக்கும். தென்னையில அடித்தண்டுல செம்பழுப்பா சாறு கசிஞ்சா அது தஞ்சாவூர் வாடல், கேனோடெர்மா பூஞ்சை, 1952 புயலுக்கு அப்புறம் தஞ்சாவூர் பக்கம் கவனிச்சதால அந்த பேரு, அதுவும் ஈரம் இல்லாத கோடையில வேகம் எடுக்கும். ஓட்டைக்கு கம்பி விட்டு புழுவை எடுங்க, பக்கத்துல இருக்கற வேளாண் அலுவலகத்துல காட்டி மருந்து கேளுங்க, கூடவே தண்ணியும் குடுங்க. மருந்தை மட்டும் நம்பினா இந்த புழு போய் வேற ஒண்ணு வரும்.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம், எப்ப கைவிடணும்?

வடகிழக்கு பருவமழை ஒண்ணு முழுசா தாண்டி, அடுத்த பங்குனி சித்திரை துளிர் காலமும் வரட்டும். அப்பவும் தண்டு அடி வரைக்கும் சுரண்டினா பழுப்பா இருந்தா, பட்டை தானா கழண்டு வந்தா, தென்னைன்னா குருத்து சாய்ஞ்சிருந்தா, அது போயிடுச்சு. மேல பாதி போய் அடியில ஒரு பக்கம் பச்சை இருந்தா நான் வெட்ட மாட்டேன், அந்த பச்சையை நம்பி ரெண்டு வருஷம் பார்ப்பேன், மாவும் புளியும் கொய்யாவும் அப்படி எழுந்திருக்கும். ஒட்டு மான்னா ஒட்டுக்கு கீழ துளிர்க்குதா மேல துளிர்க்குதான்னு பார்த்துக்குங்க, கீழ வந்தா பழைய பழம் கிடைக்காது, அதுல திரும்ப ஒட்டு கட்டலாம்.

செத்த பெரிய மரம் வீட்டு மேலயோ ரோடு மேலயோ சாய்ஞ்சு நின்னா அடுத்த புயல் காலத்துக்கு முன்னாடி, புரட்டாசிக்குள்ள எடுத்துடுங்க, வேர் மக்கின மரம் ஈர மண்ணுல நிக்காது. தெருவுல நிக்கிற மரம்னா நீங்களா கை வைக்காம நகராட்சியிலயோ ஊராட்சியிலயோ எழுதிக் குடுங்க. எடுத்த இடத்துல புதுசா வைக்கறதுன்னா அதே குழியில வைக்காம சில அடி தள்ளி, மழை ஆரம்பிக்கறப்ப வைங்க, முதல் மூணு கோடை விடாம தண்ணி குடுங்க.

மரம் பார்க்க நல்லாதான் இருக்கு. இப்பவே ஏதாவது செய்யணுமா?

ஒரு கம்பி எடுத்துட்டு போய் குடை விளிம்புல குத்திப் பாருங்க. அரை அடி கூட இறங்கலைன்னா மேல இலை எவ்வளவு பச்சையா இருந்தாலும் கீழ வேர் காய ஆரம்பிச்சிருக்கும், இன்னிக்கு சாயங்காலமே முதல் டிரம்மை ஊத்துங்க.